ஏழாவது பாட்டன்

குன்சுலு எடைமேடை அறைக்குள் வந்தபோது, விதாலி ஹெகாய் தொலைந்துபோன அரைப்புள்ளி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். பாஸ்கல் மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஆயுளில் பாதி இப்படித்தான் கழியும். வெளியே நெல் லாரிகள் ஆலை வாசலைத் தாண்டி வரிசை கட்டி நின்றன. அக்டோபர் மாதத்தில் கிசிலோர்தாவில் எல்லோருக்கும் தலைக்குமேல் வேலை இருக்கும். ஆனாலும் சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த அறை பாஸ்கல்காரர்களுக்குத்தான் என்பதை ஆலை மேலாளர்கூட மறுத்ததில்லை. எடைமேடையின் நிரலை எழுதியவள் பல்ஜான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஒரு மூட்டைகூட நகராது.

அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் விதாலியும் பல்ஜானும்தான். மற்றவர்கள் கரகந்தாவிலும் பாவ்லோதரிலும் செமெய்யிலும் இருந்தபடி கைபேசிக் குழுவில் வம்பளப்பார்கள்.

"பல்ஜான் அக்காவைப் பாக்கணும்" என்றாள் குன்சுலு. இருபத்துமூன்று வயதிருக்கும். கால்நடை மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். ரப்பர் காலணியைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"அக்கா டீ குடிக்கிறாங்க. டீ முடியறவரைக்கும் அவங்களுக்குக் காது கேக்காது. என்கிட்ட சொல்லுங்க" என்றான் விதாலி.

"எனக்கு இன்னும் ஒம்பது நாள்ல கல்யாணம். இருந்துச்சு. இப்ப இல்ல."

"மாப்பிள்ளை ஓடிட்டாரா?"

"ஓடல. எனக்கு அண்ணன் முறை ஆயிட்டாரு."

பல்ஜான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, எதற்கும் பதறாத கண்கள். "உக்காரும்மா" என்றாள்.

குன்சுலு இரண்டு தாள்களை மேசையில் விரித்தாள். இரண்டும் 'ஏழு பாட்டன்' நிரலிலிருந்து வந்தவை. அந்த ஊரில் பெண் பார்க்கிற வீடுகளெல்லாம் நூலகத்துக்கு நடந்து, அங்கே இருக்கும் பழைய கணினியில் அந்த நிரலை ஓட்டித்தான் பேச்சை ஆரம்பிக்கும். பையனுக்குத் தகப்பன் வழியில் ஏழு பேர், பெண்ணுக்கு ஏழு பேர். இரண்டு பட்டியலிலும் ஒரே ஆள் இருந்தால் இருவரும் பங்காளிகள், கல்யாணம் கூடாது. இஸ்காக் என்ற கணக்கு ஆசிரியர் 1998இல் வீடுவீடாக ஏறி இறங்கிப் பெயர்களைச் சேகரித்து எழுதிய நிரல் அது. அவர் காலமானபின் சனிக்கிழமைக் கூட்டம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது.

"இது ஏப்ரல்ல, நிச்சயத்துக்கு முந்தி எடுத்தது. தடை இல்லைன்னு மட்டும்தான் சொல்லுது. இது நேத்து. கல்யாண மண்டபத்துல மாட்டறதுக்கு வம்சப் படம் அச்சடிக்கப் போனோம். தடை உண்டு, ஏழாவது பாட்டன் ஷோத்பாய் ரெண்டு பேருக்கும் பொதுன்னு வருது. அதே ஆளுங்க, அதே புரோகிராம். செத்துப்போன பாட்டன் ஆறு மாசத்துல எடம் மாறுவாராக்கா?"

"மாற மாட்டார்" என்றாள் பல்ஜான். "உன் ஏழு பேரையும் நீயே சொல்லுவியா?"

"அஞ்சுதான் வரும். எனக்கு நாலு வயசுலயே அப்பா போயிட்டாரு. சொல்லித்தர ஆளில்ல."

"மாப்பிள்ளை வீட்ல?"

"தெமிரோட அப்பா ஒரின்பாய். எம்பத்து மூணு வயசு. நேத்து படத்தைப் பாத்ததும் கல்யாணம் கிடையாதுன்னுட்டாரு. அதோட வாயே திறக்கல. தெமிரும் பேசல. அவர் அப்பா முகத்தையே பாக்கறாரு, அப்பா ஜன்னலைப் பாக்கறாரு. ரெண்டு பேரையும் புடிச்சு உலுக்கணும்போல இருக்குக்கா." குன்சுலு இரண்டாவது தாளைத் தட்டினாள். "ஏழு பாட்டன் குறுக்க நின்னா நான் மீற மாட்டேன். ஆனா மெஷின் உளறுச்சுன்னா, அதுக்காக நான் ஏன் அவரை விடணும்?"

"தெமிரோட அம்மா?"

"பிபிசாரா அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆகுது. அண்ணன் ஒருத்தர் இருக்காரு, கைரோல்லா. அக்தோபேல லாரி ஓட்டறாரு. தெமிரைவிட இருபத்தஞ்சு வயசு மூத்தவரு. நிச்சயத்தன்னைக்கு அப்பாகூட அழல, இவர் கொட்டகைக்குப் பின்னாடி போய் நின்னு அழுதாரு."

விதாலிக்கு அண்ணன் அழுத கதையில் அக்கறை இல்லை. அவன் ஏற்கனவே நிரலைத் திறந்துவிட்டான். "அக்கா, இது ரொம்ப சுலபம். ஏழு தடவை சுத்த வேண்டிய இடத்துல பூஜ்யத்துலேருந்து எண்ணி எட்டு தடவை சுத்துது. ஒருத்தர் அதிகமாயிட்டாரு. நூறு பிழைல எண்பது பிழை இதுதான்."

"பாத்துட்டுச் சொல்லு" என்றாள் பல்ஜான்.

அவன் பார்த்தான். ஒன்றிலிருந்து ஏழுவரைதான் எண்ணிக்கை, அச்சுப் பிசகாமல் இருந்தது. அவன் காது சிவந்தது. வேறு முப்பது ஜோடிகளின் பெயர்களைக் கொடுத்து ஓட்டினான். எல்லாம் பழைய சீட்டுகளில் இருந்த விடையையே சொல்லின. பிறகு நிரலைக் குழுவில் போட்டு, "நண்பர்களே, ஒரு கல்யாணம் நிக்குது, உதவுங்க" என்று எழுதினான்.

பதில்கள் மளமளவென்று வந்தன. கரகந்தாச் சுரங்கத்துக்காரர், "வரிசையின் எல்லையைத் தாண்டிப் படிக்கிறதா பார்" என்றார். பார்த்தான், இல்லை. செமெய்க்காரி, "முதல் மதிப்பு கொடுக்காத மாறி ஏதாவது இருக்கும், பழைய குப்பையை வைத்துக்கொண்டு உளறும்" என்றாள். அதுவும் இல்லை. ஒருவன், "இந்தக் காலத்திலும் பாஸ்கலா? வேறு மொழியில் எழுதிவிட்டு மாப்பிள்ளையையும் மாற்றுங்கள்" என்று எழுதி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இதற்கிடையில் பல்ஜான் நிரலின் பக்கமே திரும்பவில்லை. தாள்கள் இரண்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஓரம் ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வம்சப் படத்தில் தெமிரின் கட்டத்தைத் தொட்டாள். தகப்பன் ஒரின்பாய், 1936. தாய் பிபிசாரா, 1937. தெமிர், 1995. ஏப்ரல் சீட்டின் கீழ் மூலையில் எறும்பு அளவு எண் ஒன்று இருந்தது. அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

"விதாலி, ஜூலைல நீ இந்தப் புரோகிராமைச் சுத்தம் பண்ணினேல்ல? என்னென்ன பண்ணின?"

"பெருசா ஒண்ணுமில்லக்கா. வேண்டாத குறிப்பையெல்லாம் அழிச்சேன். அப்புறம் பேர்களை வரிசைப்படுத்தற பகுதி ஆமை வேகத்துல போச்சு, வேகமான முறைல மாத்தி எழுதினேன். முன்னாடி ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். இப்ப கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள முடியுது." அவன் பெருமையாகச் சொன்னான்.

பல்ஜான் மேசை இழுப்பறையிலிருந்து ஆசிரியரின் பழைய கணினி வட்டை எடுத்தாள். அதில் மூல நிரல் அப்படியே இருந்தது. நடுவே சில வரிகளை ஆசிரியர், கணினி கண்டுகொள்ளாதபடி, வளைந்த அடைப்புக்குறிக்குள் பூட்டி வைத்திருந்தார். குழந்தை பிறந்தபோது தாய்க்கு ஐம்பது வயதுக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை செய், என்பது அந்த வரிகளின் பொருள். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'நிறுத்திவைத்தேன். பாதி ஊருக்குக் கூவுகிறது. தப்பில்லை, வழக்கம். யாரையும் கேட்காதே.'

"இதைத்தான் வேண்டாத குறிப்புன்னு அழிச்சியா?"

"புரியல, அதான் அழிச்சேன்."

"புரியாததைத்தான் அழிக்கக் கூடாது." அவள் அதட்டவில்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக உறைத்தது.

அப்போது கைபேசி மினுங்கியது. பாவ்லோதரிலிருந்து ஓய்வுபெற்ற நீரியல்காரர் ஒருவர் எழுதியிருந்தார். எப்போதும் கடைசியில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிற மனிதர். 'தம்பி, வரிசைப்படுத்தும் முறையை மாற்றினாயா? இரண்டு பதிவுகள் சரிசமமாக இருந்தால், முன்னால் இருந்தது முன்னாலேயே நிற்குமா?'

விதாலியின் கை விசைப்பலகைமேல் நின்றது. நிற்காது என்று அவனுக்குத் தெரியும். வேகமான முறைக்கு அந்த மரியாதை கிடையாது. அவன் ஒரு வரி எழுதி ஓட்டினான். திரையில் இரண்டு எண்கள் வந்தன. திரையைப் பல்ஜான் பக்கம் திருப்பினான்.

"அக்கா, என்னாலதான்" என்றான் மெல்ல. "ஒரு பொண்ணோட கல்யாணத்தை நான் நிறுத்திட்டேன்."

"நீ ஒரு மூட்டையை எடம் மாத்தி வெச்ச, அவ்வளவுதான். மூட்டையைக் கட்டினவங்க வேற." பல்ஜான் குன்சுலுவின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு மத்தியானம் ஒரின்பாய் ஐயாவையும் தெமிரையும் இங்க கூட்டிட்டு வா. அக்தோபேக்காரரையும் வரச் சொல்லு. வருவாரா?"

"தெமிருக்குன்னா எங்க இருந்தாலும் வருவாரு."

"வருவார்னு எனக்கும் தோணுது" என்றாள் பல்ஜான்.

மறுநாள் எடைமேடை அறையில் நாற்காலிகள் போதவில்லை. ஒரின்பாய் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி, நீதிமன்றத்துக்கு வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தெமிர் அவருக்குப் பின்னால் நின்றான். கைரோல்லா இரவு முழுக்க வண்டி ஓட்டி வந்த கசங்கிய சட்டையோடு கதவருகிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. குன்சுலு எல்லோருக்கும் பால் விட்ட தேநீர் ஊற்றினாள்.

பல்ஜான் இரண்டு சிறிய அரிசி மூட்டைகளைத் தரையில் வைத்தாள். "ஐயா, ரெண்டும் அஞ்சு கிலோ. எடைப்படி அடுக்கணும்னா எது முன்னாடி நிக்கணும்?"

"எது நின்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே."

"மெஷினும் அதான் சொல்லும். இஸ்காக் ஆசிரியர் எழுதின பழைய முறை பொறுமையானது. சமமா இருந்தா தொடாது, முதல்ல வந்ததை முதல்லயே விட்டுடும். நம்ம விதாலி எழுதின புது முறை அவசரக்காரனுக்கு ஏத்த மாதிரி. தூக்கிப் போட்டு அடுக்கும்போது சமமானது முன்ன பின்ன ஆயிடும். பதினோராயிரம் பேர்ல இதனால ஒருத்தருக்கும் கேடு வரல, ஒரே ஒருத்தரைத் தவிர. ஏன்னா, ஒரே பேரும் ஒரே பொறந்த தேதியும் உள்ள பதிவு ரெண்டு இருக்கு. பேரைக் கொடுத்தா, முன்னாடி நிக்கறதைத்தான் புரோகிராம் எடுக்கும்."

"யாரு அது?" என்றாள் குன்சுலு.

"தெமிர். பதிவு எண் 412 ஒரு தெமிர். பதிவு எண் 977 இன்னொரு தெமிர். ஏப்ரல் சீட்டோட மூலைல 412ன்னு இருக்கு. முந்தாநாள் வந்த தாள்ல 977. தெமிர் ஒருத்தர்தான், ஆனா ரெண்டு வீட்டுப் பட்டியல்ல எழுதியிருக்கு."

விதாலி வாயைத் திறந்தான். பல்ஜான் எண்ணெயில் பொரித்த ரொட்டித் தட்டை அவன் கையில் கொடுத்து வாயை மூட வைத்தாள்.

"இதுல ஒண்ணு சரின்னா கல்யாணத்துக்குத் தடை இருக்கு. இன்னொண்ணு சரின்னா தடை இல்ல. எது சரின்னு மெஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியற மாதிரி இருக்கு, ஆனா சொல்ல எனக்கு உரிமை கிடையாது. யாரையும் கேக்காதேன்னு ஆசிரியர் எழுதி வெச்சிருக்கார். நான் கேக்கல. என் கதையை மட்டும் சொல்றேன். நான் வீட்ல தலைப்பிள்ளை. பொறந்த நாப்பதாவது நாள் தாத்தா பாட்டி என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களைத்தான் அப்பா அம்மான்னு கூப்பிட்டேன். என்னைப் பெத்தவளை பதினேழு வயசு வரைக்கும் அண்ணின்னு கூப்பிட்டேன். நம்ம ஊர்ல இது அதிசயமில்ல. அம்பத்தெட்டு வயசுல பிள்ளை பெத்த அம்மா இந்தப் பட்டியல்ல நூறு பேர் இருக்காங்க."

விதாலிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தாய் 1937, பிள்ளை 1995. எண்ணிப் பார்க்கத் தெரிந்த எவனுக்கும் கண்ணில் பட்டிருக்க வேண்டிய கணக்கு. அவன் எண்ணிய சுற்று சரியாகத்தான் இருந்தது. ஆசிரியர் எழுதிய எண்ணிக்கையும் சரிதான். நடுவில் ஒரு தலைமுறையே விட்டுப்போயிருக்கிறது.

ஒரின்பாய் கைத்தடியின் தலையைப் பார்த்தபடி கேட்டார். "அந்த 412, யார் வீட்டுப் பட்டியல்?"

கதவருகிலிருந்து குரல் வந்தது.

"என் வீட்டுதுப்பா" என்றார் கைரோல்லா. "வாத்தியார் முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. அப்ப இவனுக்கு மூணு வயசு. பிள்ளைங்க பேரைச் சொல்லுன்னாரு. இவனுக்கப்புறம் பொறந்த பொண்ணு பேரைச் சொன்னேன். அப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, இவன் பேரையும் சொல்லிட்டேன். ஒரு தாள்லயாவது இருக்கட்டும்னு தோணிச்சு. இவனை உங்ககிட்டேருந்து எடுத்துக்கணும்னு நெனைக்கலப்பா. சத்தியமா நெனைக்கல."

பெரியவரின் தாடி அசைந்தது. அவர் குரலில் கோபமில்லை.

"முந்தாநாள் அந்தப் படத்தைப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை சொன்னா போதும், கல்யாணம் நடக்கும். என் பிள்ளை இல்ல, பேரன்னு சொல்லணும். நாக்கு வரல. பிபிசாரா சாகும்போதுகூட என் கடைக்குட்டின்னுதான் அவன் கையைப் புடிச்சா. இந்த வயசுல நான் எப்படிச் சொல்லுவேன்? சொன்னா இவன் மனசு என்ன பாடுபடும்னு..."

"எனக்குத் தெரியும்ப்பா" என்றான் தெமிர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பதினஞ்சு வயசுலயே தெரியும். பக்கத்து வீட்டுக்காரங்க பேசிக்கிட்டதைக் கேட்டேன். முந்தாநாள் எனக்கும் கணக்கு புரிஞ்சுது. ஆனா நான் எப்படி வாயைத் திறப்பேன்? நீங்க என் அப்பா இல்லைன்னு நானா சொல்றது? அதுக்குப் பதிலா..." அவன் குன்சுலுவைப் பார்த்தான், முடிக்கவில்லை.

"அதுக்குப் பதிலா என்னை விட்டுடலாம்னு இருந்தீங்களா?" என்றாள் அவள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே அழுதுவிட்டாள். "நல்ல அப்பா, நல்ல பிள்ளை! ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொன்னிருப்பீங்க!"

பெரியவர் தலை குனிந்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து, தெமிரின் எதிரே நின்றார். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்துக் கேட்கிற அதே தோரணையில் கேட்டார்.

"யார் வீட்டுப் பிள்ளை நீ? ஏழு பேரைச் சொல்லு."

தெமிர் பழக்கத்தில் ஆரம்பித்தான். "ஒரின்பாய், அக்மெத்..."

"தப்பு" என்றார் கிழவர். "முதல்லேருந்து சொல்லு."

தெமிர் கதவுப் பக்கம் பார்த்தான். "கைரோல்லா" என்றான். அந்தப் பெயரை அவன் அண்ணா என்ற சொல் ஒட்டாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒரின்பாய். அக்மெத். ஜுசிப். எசென். திலெப். கராபாய்."

"ஏழு ஆச்சா?"

"ஆச்சுப்பா."

"அதுக்கு மேல?"

"ஷோத்பாய். எட்டாவது."

"எட்டாவதை யாரும் கேக்கல" என்றார் ஒரின்பாய். நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

"பாத்தியாம்மா? செத்தவங்க யாரும் எடம் மாறல" என்று பல்ஜான் குன்சுலுவிடம் மெல்லச் சொன்னாள். "இருக்கறவங்கதான் ஒரு எடம் தள்ளி உக்காந்திருந்தாங்க."

விதாலி திரைப் பக்கம் திரும்பினான். "அப்ப 977ஐ அழிச்சிடட்டுமா?"

"அழி" என்றார் பெரியவர், தொப்பிக்குள்ளிருந்து.

"அழிக்காதீங்க" என்றான் தெமிர்.

இருவரும் பல்ஜானைப் பார்த்தார்கள். அவள் புதிதாகத் தேநீர் ஊற்றிக்கொண்டாள். "ஒரு பதிவுக்கு எத்தனை அறை வேணுமோ அத்தனை கட்டிக்கலாம். ஆசிரியர் தகப்பன்னு ஒரே அறை கட்டினார். இடம் பத்தலன்னு அவருக்கே தெரியும், அதனாலதான் எச்சரிக்கையைப் பூட்டி வெச்சார். பூட்டினது போதும். விதாலி, இன்னொரு அறை கட்டு. ரெண்டு பதிவையும் ஒண்ணாக்கு. ஏழு பேரை எண்ணும்போது தகப்பன் வழியா மட்டும் போகட்டும்."

விதாலி உட்கார்ந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. முதல் தடவை ஓட்டியபோது நிரல் மறுத்துவிட்டது, அரைப்புள்ளி ஒன்றை விட்டிருந்தான். அழுதுகொண்டிருந்த குன்சுலுகூடச் சிரித்துவிட்டாள். இரண்டாம் தடவை ஓடியது. ஆசிரியரின் பழைய குறிப்பையும் அதன் இடத்தில் திரும்ப ஒட்டினான்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் ஒரின்பாய். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கைரோல்லா கதவை விட்டு முதல் முறையாக உள்ளே வந்து, தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். கிழவர் திரையருகே குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"தெமிர். தகப்பன், கைரோல்லா. வளர்த்தவர்..." அங்கே நிறுத்தி, தன் பெயரை உரக்கச் சொல்லாமல் விரலால் தடவினார். பிறகு தெமிரைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவ?"

"அப்பான்னுதான். வேற எனக்கு வராது." தெமிர் கைரோல்லாவின் பக்கம் தயக்கத்தோடு திரும்பினான். "உங்களை... எனக்குக் கொஞ்ச நாள் குடுங்கண்ணா."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா" என்றார் கைரோல்லா. இருபத்துநான்கு வருஷம் காத்திருந்த மனிதர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குன்சுலு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கெண்டியிலிருந்து புதுத் தேநீரை, மரியாதைக்குரியவருக்கு ஊற்றுவதுபோல அரைக் கிண்ணம் மட்டும் ஊற்றினாள். தலைமுக்காட்டைச் சரிசெய்து, கைரோல்லாவின் முன்னால் போய், மருமகள் குனிவதுபோல முழங்காலை மடித்துக் குனிந்தாள்.

"டீ எடுத்துக்குங்க மாமா" என்றாள்.

கைரோல்லா இரண்டு கைகளாலும் கிண்ணத்தை வாங்கினார். பாதித் தேநீர் அவருடைய சட்டையில்தான் சிந்தியது.